எச்சிலுக்குப் போட்ட மார்க்

கதிர்,

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "அம்மா, எமோஷனலா பேசாத, லாஜிக்கா பேசு" என்பாய். எனக்கு பிரஷர் ஏறும். கத்துவேன். "பாத்தியா, கத்துற" என்பாய். இரண்டு பேரும் வைத்துவிடுவோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அந்த ஒரு வசதிக்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்கு ஏதாவது வீடியோ லிங்க் அனுப்பினாயானால் பெற்ற பிள்ளை என்றுகூடப் பார்க்க மாட்டேன், நம்பரை பிளாக் செய்துவிடுவேன்.

நேற்று தர்சிகா இங்கே டார்ம்ஸ்டாட்டுக்கு வந்திருந்தாள். எசனில் ரயில் ஏறி, வழக்கம்போல் அது தாமதமாகி, அடுத்த வண்டியையும் விட்டுவிட்டு, தனியாக வந்து வாசலில் நின்றாள். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண். அப்படித்தான் இன்னும் எழுத வேண்டுமா, இல்லை ‘கட்டிக்கொள்வதாக இருந்த பெண்’ என்று எழுத வேண்டுமா, எனக்குத் தெரியவில்லை. பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்து வாங்கி வைத்திருந்த டெர்மினைத் தள்ளிவைக்கச் சொல்லி அவளே எசன் அலுவலகத்துக்கு எழுதிவிட்டாள். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் என்னிடமும் அப்பாவிடமும் "சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்" என்று சொல்லி வைத்திருக்கிறாய். மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் ஒன்றும் இல்லை ராசா. நீ சொன்னது அவளுக்கு மிக நன்றாகப் புரிந்துவிட்டது.

ஈஸ்டர் லீவில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன நடந்தது என்பதை நான் பார்த்தபடி சொல்கிறேன். உனக்கு அது ஒரு ஜோக்காகத்தான் ஞாபகம் இருக்கும். தர்சிகாவின் அப்பாவும் அம்மாவும் முதல் முறையாக நம் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாள். அந்த அம்மா நண்டுக் குழம்புச் சட்டியைத் துண்டில் சுற்றி, வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பாயசம் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போதுதான் நீ லேப்டாப்பைத் திறந்தாய். புது வருஷத்துக்கு நீ எல்லோருக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்திருந்தாயே, அதன் ரிசல்ட். மற்ற வீட்டுப் பிள்ளைகள் அம்மாவுக்குப் புடவை வாங்கித் தருவார்கள், என் பிள்ளை எச்சில் துப்பச் சொல்லி ஒரு குழாய் தந்தான். நானும் அப்பாவும் துப்பினோம். தர்சிகாவும் துப்பினாள், நீ ஆசையாகக் கேட்டாயே என்று. அந்த மரபணு விவரத்தை எடுத்து இன்னொரு வெப்சைட்டில் ஏற்றி, யாருக்கு எவ்வளவு ‘படிப்பு ஸ்கோர்’ என்று வண்ண வண்ணமாகப் பட்டை போட்டு வாங்கி வைத்திருந்தாய்.

பாயசக் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டு லெக்சர் ஆரம்பித்தாய். "கழுத்துக்குக் கீழ எவல்யூஷன் வேலை செஞ்சிருக்குன்னா, கழுத்துக்கு மேல மட்டும் லீவு எடுத்துக்குமா? பாப்புலேஷனுக்குப் பாப்புலேஷன் ஆவரேஜ் மாறத்தான் செய்யும். இது வெறும் டேட்டா. டேட்டாவுக்கு ஃபீலிங்ஸ் கிடையாது." நான் மேசைக்கு அடியில் உன் காலை மிதித்தேன். "ஏம்மா மிதிக்கிற?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாய். கடவுளே! அப்போது தர்சிகாவின் அப்பா, பாவம், மரியாதைக்குக் கேட்டார்: "தம்பி, உதில எங்கட பிள்ளைக்கு என்ன போட்டிருக்கெண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்." நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "கொஞ்சம் லோதான் மாமா. கவலைப்படாதீங்க, என்னோடதும் சேர்ந்தா பிள்ளைங்க ஆவரேஜா வந்துடுவாங்க."

அவர் சிரித்தார். "அப்ப பிரச்சினை இல்லை, என்ன" என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தார். அந்த அம்மா "பாயாசம் ஆறப்போகுது, குடியுங்கோ தம்பி" என்றார். தர்சிகா எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நீ அடுத்த பட்டைக்குப் போய்விட்டாய். ஒன்று கேட்கிறேன், என் பட்டையை மட்டும் ஏன் அவ்வளவு வேகமாகத் தள்ளினாய்? நான் பார்த்துவிட்டேன். நம் வீட்டிலேயே கடைசி ஸ்கோர் எனக்குத்தான், தர்சிகாவுக்கும் கீழே. விருதுநகரிலிருந்து வந்து ஜெர்மன் மொழியில் தட்டுத்தடுமாறி டாக்டரேட் வாங்கி, இத்தனை வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்தில் குப்பை கொட்டுகிற உன் அம்மா, அந்த வெப்சைட் கணக்கில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியிருக்கக் கூடாது. அதைப் பார்த்தபோதாவது இந்த அளவுகோலில் ஏதோ கோளாறு என்று உனக்குத் தோன்ற வேண்டாமா? இல்லை, அம்மாதான் கோளாறு என்று முடிவு செய்துவிட்டாயா?

சரி, லாஜிக்காகவே பேசுவோம். அந்த ஸ்கோரை எப்படிச் செய்தார்கள் என்று நீ படித்தாயா? படித்திருக்க மாட்டாய், நீ நுனிப்புல் மேய்கிறவன். ஐரோப்பிய வம்சாவளி மனிதர்களை ஏராளமாகச் சேர்த்து, யார் எத்தனை வருஷம் படித்தார்கள், அவர்களுடைய மரபணுவில் எந்தெந்த எழுத்து அதிகமாக வருகிறது என்று பார்த்துச் செய்த கணக்கு அது. அவர்களுக்குள்ளேயே அது அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. படித்த அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு மரபணுவும் வருகிறது, வீட்டில் புத்தக அலமாரியும் வருகிறது. அந்தக் கணக்கு இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதைக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்துப் பெண் மேல் வைத்தால் இன்னும் மோசமாகத் தப்பும். ஒருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இன்னொருவருக்கு இறுக்கிப் பிடிக்கிறது என்றால் சட்டையை அல்லவா குறை சொல்ல வேண்டும்? இரண்டு மக்கள்கூட்டத்தின் சராசரியை அந்த ஸ்கோரை வைத்து ஒப்பிடக் கூடாது என்று அதைச் செய்தவர்களில் பலரே தலைதலையாக அடித்துக்கொள்கிறார்கள். நீ விழுந்து விழுந்து கேட்கிற பாட்காஸ்ட் ஆசாமிகள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.

உடனே நீ என்னை வித்தியாசமே இல்லை என்கிற கூட்டத்தில் சேர்த்துவிடாதே. எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் ஒருத்தி இருக்கிறாள். மனிதக் கூட்டங்களுக்கு இடையே எந்த வித்தியாசமும் கிடையாது, கேட்பதே பாவம் என்பாள். அவளோடும் நான் சண்டை போட்டிருக்கிறேன். வித்தியாசம் இருக்கிறது. குளிர்காலத்தில் நமக்கு வைட்டமின் டி மாத்திரை வேண்டியிருப்பது தோலின் நிறத்தால்தான். வளர்ந்த பிறகும் டம்ளர் டம்ளராகப் பால் குடித்துச் செரிக்கிற குடல் வட ஐரோப்பாவில் நிறையப் பேருக்கு வாய்த்ததும் பரிணாமத்தால்தான். உன் அப்பாவுக்கு, நம் ஊர் ஆட்கள் பலரைப் போல, ஒல்லியாக இருந்தபோதே சர்க்கரை வந்தது, "எடை சரியாக இருக்கிறதே" என்று இங்குள்ள டாக்டர் நம்பவே இல்லை. இதிலெல்லாம் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. கழுத்துக்கு மேலே பரிணாமம் லீவு எடுக்கவில்லை என்பதும் சரிதான். ஆனால் ‘நடந்திருக்கலாம்’ என்பது வேறு, ‘நடந்தது, இந்தத் திசையில் நடந்தது, அதனால் இந்தப் பெண் லோ’ என்பது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் உன்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை.

எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் பாலம் கட்டுவதுதான் என் பிழைப்பு. நீ சின்ன வயதில் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வருவாயே, கண்ணாடிக் கதவு போட்ட குளிர் அறைகள், உள்ளே வரிசை வரிசையாகத் தட்டுகள், அதில் கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் களைச்செடி. ஸ்பெயினில் எடுத்த விதையும் ஸ்வீடனில் எடுத்த விதையும். ஸ்பெயினில் வளர்ந்தது உயரம், ஸ்வீடனில் வளர்ந்தது குட்டை. வித்தியாசம் விதையிலா, வளர்ந்த இடத்திலா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, இரண்டையும் ஒரே மண்ணில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தண்ணீரில் வளர்ப்பது. அதுவும் முதல் தலைமுறையை அளக்க மாட்டோம். தாய்ச்செடி பட்டினி கிடந்ததா, கொழுத்துக் கிடந்ததா என்பது விதைக்குள்ளே ஒட்டிக்கொண்டு வரும். அதனால் ஒரு தலைமுறையை இங்கேயே வளர்த்து, அதன் பிள்ளைகளைத்தான் அளப்போம். ஒரு முறை எல்லாவற்றையும் இப்படி ஒழுங்காகச் செய்தும் ஸ்வீடன் செடிகள் குட்டையாக வந்தன. ஆஹா என்று கட்டுரையே எழுதிவிட்டோம். கடைசி நேரத்தில், தட்டுகளை இடம் மாற்றி வைத்துப் பார்க்கலாம் என்று எங்கள் தலைவர் பிடிவாதம் பிடித்தார். பார்த்தால், ஸ்வீடன் தட்டு இருந்தது கதவுப் பக்கம். யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம் அதன் மேல் காற்று அடித்திருக்கிறது. இடம் மாறியதும் வித்தியாசமும் போய்விட்டது. ஒரு செடிக்கே இந்தப் பாடு. மனிதர்களை ஒரே அறையில் இரண்டு தலைமுறை வளர்த்துப் பார்க்க யாரால் முடியும்? யாரும் செய்யவும் கூடாது. அப்படியானால் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே? தெரியாததைத் தெரியாது என்று சொல்ல உன் தலைமுறைக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

இன்னொன்று. "நம்ம ஆளுங்க ரெண்டாயிரம் வருஷமா உள்ளுக்குள்ளேயே கட்டிக்கிட்டிருக்கோம்ப்பா, அது ஒரு பக்கா பாப்புலேஷன், கணக்கு மூளை செலக்ட் ஆகியிருக்கும்" என்று அப்பாவிடம் சொன்னாயாம். அப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார், அவருக்கு எல்லாமே சிரிப்புத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாதி வேண்டாம் என்று சொல்லித்தானடா உன்னை வளர்த்தோம். முன்கதவால் துரத்தியதை நீ ஆங்கிலப் பெயர் வைத்துப் பின்கதவால் கூட்டிக்கொண்டு வருகிறாய். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. உள்ளுக்குள்ளே கட்டியதால் கணக்கு மூளை வளர்ந்தது என்று யாரும் நிரூபித்து நான் பார்க்கவில்லை. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டி, உன் பெரிய மாமா வீட்டில் இரண்டு பிள்ளைகளும் காது கேளாமல் பிறந்ததை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதற்காக அந்தப் பிள்ளைகளை யாரும் பட்டை போட்டுக் காட்டவில்லை. பெரிய மாமா சைகை மொழி கற்றுக்கொண்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், தர்சிகாவின் ஜாதகத்தை வாங்கிப் பொருத்தம் பார்க்கலாம் என்று அவர் சொன்னபோது, "எந்தக் காலத்துல இருக்கீங்க மாமா" என்று எகிறியவன் நீ. அவராவது பத்துப் பொருத்தத்தில் ஏழு இருந்தால் போதும் என்றிருப்பார்.

இப்போது நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். சொல்ல வேண்டிய நாள் வராது என்றுதான் நினைத்திருந்தேன். உன் நாலாம் வகுப்பு டீச்சர் எங்களை அழைத்து, "கதிர் இனிமையான பையன், கனவு காண்கிற பையன், கிம்னாசியம் அவனுக்குத் தாங்காது" என்றார். பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுகிற கிம்னாசியம் பள்ளியில் உன்னை விட வேண்டாம், அதற்கு ஒரு படி கீழே உள்ள ரியால்ஷூல போதும் என்பது அவருடைய பரிந்துரை. எனக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. மறுபடியும் ஒரு டெர்மின் வாங்கி, கோட்டு மாட்டிக்கொண்டு, பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டத்தை அழுத்திச் சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். இந்த மாநிலத்தில் பெற்றோர் விருப்பம்தான் செல்லும் என்று சட்டம் பேசினேன். "உங்கள் பொறுப்பு" என்று சொல்லி அனுப்பினார். அதன் பிறகு வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆனால் நான் ஜெர்மன் டிக்டேஷன், அப்பா கணக்கு. நீ அழுவாய், நான் கத்துவேன், அப்பா சிரிப்பார். பிறகு நீ தேறினாய். இது உன் காதில் விழக் கூடாது என்று நானும் அப்பாவும் பேசி வைத்துக்கொண்டோம். அதன் பலன், நீ உன் மூளையால் மட்டுமே மியூனிக் யூனிவர்சிட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்ததாக நம்பிக்கொண்டிருக்கிறாய்.

தர்சிகாவுக்கும் நாலாம் வகுப்பில் ஒரு டீச்சர் இருந்தார். அன்று சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கிளம்பும்போது, நீ கீழே காரை எடுக்கப் போயிருந்தாய். அவளுடைய அப்பா செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். எசனில் ஒரு ரெஸ்டாரண்ட் சமையலறையில் வருஷக்கணக்காக நின்று நின்று அவருக்கு முழங்கால் போய்விட்டது, குனிந்தால் நிமிர நேரமாகும். நிமிராமலே சொன்னார்: "அக்கா, டீச்சர் ஹாப்ட்ஷூலவுக்கு விடச் சொல்லேக்க நான் ஓமெண்டிட்டன். படிச்ச மனுசி, பிழையாச் சொல்லுவாவோ எண்டு நினைச்சன். பிள்ளையில பிழை இல்லை அக்கா." உன் முன்னால் சிரித்த மனுஷர், ஒன்றும் புரியாமல் சிரித்தார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. உன் ஜோக்குக்கு அவர் தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொண்டு, என்னிடம் வந்து தன் மகளுக்காக வாதாடிவிட்டுப் போனார். எனக்கு வந்த அவமானம் இருக்கிறதே!

ஹாப்ட்ஷூல என்பது ரியால்ஷூலவுக்கும் கீழே, கடைசிப் படி; அந்தப் பெண் அங்கிருந்து தானே ஏறி வந்தாள். பிசியோதெரபிக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து, வேலை பார்த்துக்கொண்டே மாலைப் பள்ளியில், கிம்னாசியம் பிள்ளைகள் எழுதுகிற அபிட்டூர் தேர்வை எழுதி, இன்றைக்கு ஒரு மருத்துவமனையில் அந்தப் பிரிவையே நடத்துகிறாள். நீயும் அவளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வார்த்தைகளை ஒரே வயதில் கேட்டவர்கள். உன் தட்டை நாங்கள் நல்ல இடம் பார்த்து வைத்தோம், அவள் தட்டு காற்றடிக்கிற கதவுப் பக்கம் இருந்தது. அதையும் மீறி வளர்ந்து வந்தவளைப் பார்த்துத்தான் நீ ‘லோ’ என்றாய்.

இப்போது நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாய். "ஸாரி, நீ தப்பா எடுத்துக்கிட்ட" என்று மெசேஜ் அனுப்பாதே, அது ஸாரி இல்லை. பூங்கொத்து அனுப்பாதே. என்னைத் தூது அனுப்பாதே, நான் போக மாட்டேன். நீயே எசனுக்குப் போ. முதலில் அவளுடைய அப்பா முன்னால் உட்கார். நான் தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசிவிட்டேன் என்று தமிழில் சொல், ஆங்கிலம் கலக்காமல். உன் நாலாம் வகுப்புக் கதையை அவரிடம் சொல். அவர் மன்னித்துவிடுவார், அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். தர்சிகா மன்னிப்பாளா என்று எனக்குத் தெரியாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், ஆனாலும் சொல்கிறேன், அவள் வேண்டாம் என்று சொன்னால் நான் அவள் பக்கம்தான்.

நேற்று என்னிடம் அவள் அழவில்லை, உன்னைத் திட்டவும் இல்லை. டீயை ஆற விட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்குக் கோவமில்லை அன்ரி. கோவமெண்டா அண்டைக்கே கத்திப்போட்டுப் போயிருப்பன். நம்பரும் எனக்குப் பிரச்சினை இல்லை, நான் எத்தினை மார்க்கைப் பாத்திட்டன். ஒண்டு மட்டும் கேக்கோணும். அவரிட்டக் கேட்டா கிராஃப் காட்டுவார், அதுதான் உங்களிட்ட வந்தனான்." கேளும்மா என்றேன். "நாளைக்கு எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது வகுப்பில பின்னுக்கு நிண்டா, இவர் அதுக்குப் பக்கத்தில இருந்து சொல்லிக் குடுப்பாரோ? இல்லாட்டி, இது தாயின்ர பக்கத்தால வந்தது, ஒண்டும் செய்ய ஏலாதெண்டு எழும்பிப் போயிடுவாரோ?"

நான் உன்னைப் பெற்றவள். "அதெல்லாம் சொல்லிக்கொடுப்பாம்மா" என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அந்த மேசையில் நீ சிரித்த சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது, சொல்ல முடியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து, என் தோளைத் தட்டி, "பரவாயில்லை அன்ரி" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.

அம்மா